வாடகை ஏற்றாத ஓனர்

பெங்களூரு ஈஜிபுராவில் நான் குடியிருந்த வீட்டின் ஓனர் மாடியில் தனியாக இருந்தார். ஒல்லியான மனிதர், வெயில் காலத்திலும் மஃப்ளர் இல்லாமல் கீழே இறங்கமாட்டார். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புது அக்ரிமென்ட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். வாடகை பத்து சதவீதம் ஏறும் என்று டைப் அடித்திருக்கும் வரியைத் தன் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போடுவார். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் டீயை ஆறவிட்டுக் குடித்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்.

"தெருவே ஏத்துது, நீங்க மட்டும் ஏன் சார் ஏத்தல?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஏத்துனா நீங்க போயிடுவீங்க. சும்னே எதுக்குப்பா?" என்றார், கன்னடம் கலந்த தமிழில்.

தங்கமான மனிதர் என்று ஆபீஸ் முழுக்கச் சொன்னேன். ஐந்து வருடத்தில் ஒருநாளும் அவர் வீட்டுப் படி ஏறியதில்லை.

ஆபீஸ் வைட்ஃபீல்டுக்கு மாறியதும், காலி செய்வதைச் சொல்ல முதல்முறையாக மாடிக்குப் போனேன். ஹாலில் ஒரே ஒரு நாற்காலி. அதில் என்னை உட்காரவைத்துவிட்டு அவர் நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"வேணும்னா வாடகைய குறைச்சுக்கலாமாப்பா?"

"வாடகை இல்ல சார், தூரம்தான்."

அது அவர் காதில் விழவில்லை. பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

இப்போதைய வீட்டில் அந்த வரியை யாரும் அடிப்பதில்லை. ஓனரை நான் பார்த்ததும் இல்லை. அக்ரிமென்ட் மெயிலில் வருகிறது. கையெழுத்துப் போட ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.