மீன் போட்ட குவியல்

குப்பைக் குவியலுக்குச் சூடு ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஓர் இரும்புக் கம்பி போதும். நடுவில் குத்தி, ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம் விட்டு உருவ வேண்டும். நுனியைப் பிடித்துப் பத்து எண்ணுவதற்குள் கை தானாக விட்டுவிட்டால் குவியல் நன்றாக மக்குகிறது. பிடித்துக்கொண்டே நிற்க முடிந்தால் எங்கோ கோளாறு. கோவிலம்பாக்கத்தில் நான் வேலை பார்த்த குப்பைக் கம்பெனியில் இதற்கென்று டிஜிட்டல் மீட்டர் கொடுத்திருந்தார்கள். முதல் மழையிலேயே அது செத்துப்போனது.

எட்டாவது பாதியில் பள்ளியை விட்டவன் நான். லாரி கிளீனர், ஓசூரில் ரோஜாத் தோட்டம், திருமுடிவாக்கத்தில் பேக்கிங் பெட்டி அடிக்கும் பட்டறை என்று சுற்றினேன். எங்கேயும் ஒரு வருடம் தாண்டியதில்லை. யாரோடும் சண்டை கிடையாது. ஏதாவது சிக்கல் வந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன், அவ்வளவுதான்.

கம்பெனி அடுக்குமாடி வீடுகளிலும் ஒரு மார்க்கெட்டிலும் குப்பை எடுத்தது. பிளாஸ்டிக், அட்டை எல்லாம் பிரித்து மறுசுழற்சிக்குப் போகும். சமையல் கழிவும் காய்கறிக் கழிவும் எங்கள் யார்டுக்கு வரும். அவற்றைக் காய்ந்த இலையோடு அடுக்கி உரமாக்குவது என் பொறுப்பு. மீனும் கறியும் சேர்க்கக் கூடாது என்பது விதி.

அதை மீறியது நான்தான். மார்க்கெட்டில் மீன் விற்கும் அக்கா ஒருத்தி, கடலோரக் குப்பத்திலிருந்து வருபவள், ஒரு காலை என் வண்டியை மறித்தாள்.

"ஏம்பா, முட்டகோஸ் எலகூட வாரிக்கினு போற. எங்க மீன் செதிலு மட்டும் உன் கண்ணுக்குத் தெர்லியா?"

"கம்பெனில மீன் வேணாம்னு சொல்லிக்கீறாங்க அக்கா."

"கம்பெனிக்காரன் வூட்ல மீன் துன்றதே இல்லியா? துன்னுட்டு முள்ள இன்னா பண்றான், சட்ட ஜோபுல வச்சிக்கினு சுத்துறானா?"

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு முடியாது என்று சொல்வது கஷ்டம். இரண்டு டிரம் ஏற்றினேன். மறுநாளும் ஏற்றினேன். மீன் உரத்துக்கு ரோஜா எப்படிப் பூக்கும் என்று தோட்டத்தில் பார்த்திருந்ததால் தைரியமாகவே இருந்தேன். ஆனால் அது ஐப்பசி மாதம். நான் அடுக்கிய இலைகள் மழையில் ஊறியவை. ஒரு வாரத்தில் குவியல் அழுகத் தொடங்கியது. கம்பியை உருவிப் பிடித்தால் சில்லென்று இருந்தது.

புதன்கிழமை காலை பக்கத்து வீட்டு பாய் வந்தார். ஏசி ரிப்பேர் கடை வைத்திருப்பவர். அவர் வீட்டுக்கும் எங்கள் யார்டுக்கும் ஒரே சுவர். அவர் கத்தவில்லை.

"தம்பி, ஞாயித்துக்கிழமை என் பொண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. அவளே மனசாரச் சரின்னு சொன்ன இடம். ஜன்னலை மூடி ஏசி போட்டும் பார்த்துட்டேன். நாத்தம் உள்ள வருது. நாளைக்கு எல்லாத்தையும் அள்ளிடுங்க. இல்லேன்னா தெருவே கையெழுத்துப் போட்டு இந்த கேட்டை மூட வச்சிடும்."

என் பை ஷெட்டுக்குள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குவியலில் என்ன கோளாறு என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்த கோளாறை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

"அள்ளினா லாரி தெரு முழுக்கச் சொட்டிக்கிட்டே போகும் பாய். கிளறித்தான் சரி பண்ணணும். ரெண்டு நாளைக்கு இதைவிட மோசமா நாறும். சனிக்கிழமை அடங்கிடும்."

"இதைவிடவா?"

"ஆமா."

"அடங்கலேன்னா?"

"பூட்டைக் கொண்டாந்து என் கையிலயே குடுங்க. நானே பூட்டுறேன்."

அவர் சனிக்கிழமைக்கு எத்தனை நாள் என்று விரல் மடக்கி எண்ணிக்கொண்டே போனார்.

ஈரத்தைக் குடிக்க உலர்ந்த மரத்தூள் வேண்டும். மழைக்காலத்தில் அது கூரைக்கடியில் குவிந்து கிடக்கும் இடம் எனக்குத் தெரியும். வண்டியைத் திருமுடிவாக்கத்துக்கு விட்டேன். நான் சொல்லாமல் விட்டுவந்த அதே பட்டறை. முதலாளி அண்ணன் அளவு நாடாவும் கையுமாக நின்றிருந்தார்.

"வாடா. சாப்பிட்டு வரேன்னு போனவன். இப்பதான் கை கழுவினியா?"

"மரத்தூள் வேணும்ணா. பிளைவுட் தூள் வேணாம், அதுல பசை இருக்கும். பெட்டி மரத்தை இழைக்கிறப்ப விழுற தூளும் சுருளும் போதும்."

"எட்டு மாசம் கழிச்சு வந்து குப்பையில கூட நல்ல குப்பையா கேக்குறான் பாரு" என்று பையன்களிடம் சொன்னார். ஆனால் வண்டி நிறைய ஏற்றிக்கொள்ளச் சொன்னார். அன்று இரண்டு நடை அடித்தேன்.

வியாழக்கிழமை நானும் கூட வேலை செய்த இரண்டு பெண்களும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு குவியலைப் பிளந்தோம். நாற்றம் கண்ணைக் கரித்தது. தெருவில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. ஓர் அடுக்கு அழுகல், ஓர் அடுக்கு மரத்தூள், காற்று புக இடையிடையே சுருள். வெள்ளிக்கிழமை மறுபடி புரட்டினோம். மேலே ஒரு சாண் உயரத்துக்குத் தூளை மூடி, மழைக்குத் தார்ப்பாய் கட்டினோம். பாய் தொழுகைக்குப் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைக் கடந்தார். திரும்பி வரும்போது கேட் கம்பியில் ஒரு பெரிய பூட்டைத் திறந்தபடி மாட்டிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை கம்பியை உருவினேன். நான்கு எண்ணுவதற்குள் கீழே போட்டேன். உள்ளங்கை சிவந்திருந்தது. அந்தப் பெண்களையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒருத்தி தொட்டுவிட்டு என்னைத் திட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கார்கள் வந்தன. நான் கேட் ஓரமாக நின்றேன். முதலில் இறங்கிய பெரியவர் மூக்கை உயர்த்தி முகர்ந்தார். பாயின் முகம் வெளுத்தது.

"பக்கத்துல மரப்பட்டறை இருக்கா?" என்றார் பெரியவர்.

பாய் என்னைப் பார்த்தார். "இருக்கு. சத்தமே வராத பட்டறை" என்றார்.

மாலையில் பாய் ஒரு தட்டில் இனிப்பு கொண்டுவந்தார். முடிவாகிவிட்டது என்று அவர் சொல்லாமலே தெரிந்தது. பூட்டைக் கழற்றிச் சாவியோடு என்னிடம் நீட்டினார்.

"வச்சிக்கோங்க, யார்டுக்கு ஆகும். கல்யாணம் முடியிற வரைக்கும் மீன் மட்டும் வேணாம் தம்பி."

"சரி பாய்."

இரண்டடி போனவர் திரும்பினார். "ஆனா கல்யாண விருந்துல மீன் வறுவல் வைக்கணும்னு வீட்டுல சொல்றாங்க. செதிலு, தலை எல்லாம் எங்க போடுறதுன்னு நீங்கதான் சொல்லணும்."