கேம் பெட்டிக்குள்ள மாட்டிக்கிட்ட ரிமோட்

பழைய டப்பா டிவியை வச்சு கேம் பெட்டி செய்யற வேலைல ஒண்ணு நிச்சயம்: நாம தனியா இருக்கும்போது அது அருமையா ஓடும்.

வெள்ளிக்கிழமை காலைல ஒம்பதே முக்கால். தி.நகர்ல ஒரு ஜவுளிக்கடை, ரெண்டாவது மாடி, அன்னிக்குத்தான் திறக்கற குழந்தைங்க செக்‌ஷன். சூடம் காட்டியாச்சு. என் பெட்டிக்கும் சந்தனம், குங்குமம் வச்சாச்சு. கடை முதலாளி அண்ணாச்சி அவர் கையாலயே சுவிட்சைப் போட்டார். டிவி ஒரு முனகலோட முழிச்சுது. ஸ்க்ரீன் பூரா வெள்ளைப் புள்ளி, கொசுக்கூட்டம் மாதிரி. கூடவே ‘ஸ்ஸ்ஸ்’னு சத்தம். மூலைல பச்சைக் கலர்ல ‘1’. அதாவது முதல் சேனல்ல நிக்குது. என் கேம் இருக்கறது ஏ.வி.ல, அதாவது வெளிலேர்ந்து வயர் சொருகி படம் காட்டற லைன்ல. அங்க போக ரிமோட் வேணும். ரிமோட் எங்க இருக்குன்னு எனக்கு நல்லாவே தெரியும். அதுதான் பிரச்சினையே.

அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர், அவசரப்பட மாட்டார். கையைக் கட்டிக்கிட்டு ஸ்க்ரீனையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சொன்னார்: “மழை நல்லா பெய்யுதுடே தம்பி. வெளாட்டு எப்பம் ஆரம்பிக்கும்?”

அபிராமபுரத்து டிவி

நான் தரமணில ஒரு ஆபீஸ்ல சாஃப்ட்வேர் டெஸ்டர். பெட்டி செய்யறது சனி, ஞாயிறு பைத்தியம். (இதை ஆபீஸ் பஸ்லதான் டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா அடையாறு சிக்னலைத் திட்டுங்க.) நம்ம ஆளுங்களுக்குத் தெரியும், பழைய கேமெல்லாம் ட்யூப் டிவிக்குன்னே செஞ்சது. புது டிவில போட்டா படம் செங்கல் அடுக்கி வச்ச மாதிரி இருக்கும். ட்யூப்ல போட்டா அப்படியே மெழுகுன மாதிரி வரும். அதனால எங்க ட்யூப் டிவி கிடைக்குதுன்னு தெரு தெருவா அலைவேன்.

அபிராமபுரத்துல ஒரு மாமா, இருபத்தோரு இன்ச் டிவி, சும்மாவே எடுத்துட்டுப் போன்னுட்டார். சும்மான்னா சும்மா இல்ல, முக்கால் மணி நேரம் இன்டர்வியூ. எங்க வைப்பே, யார் பார்ப்பா, ஸ்டெபிலைசர் இருக்கா. கடைசில உள்ள போய் ரிமோட்டை எடுத்துக்கிட்டு வந்தார். பிளாஸ்டிக் கவர் போட்டு, மேல ரெண்டு ரப்பர் பேண்ட். இந்த மாடல்ல முன்னாடி சேனல் பட்டன், வால்யூம் பட்டன் மட்டும்தான் இருக்கு, ஏ.வி.க்குப் போக ரிமோட்தான் ஒரே வழி.

“டிவிக்கு ஏதாவது ஆனாக்கூடப் பரவால்ல. ரிமோட்டை மட்டும் பத்திரமா வெச்சுக்கோ, அது இல்லேன்னா இது வெறும் மேஜை.”

பாஸ்போர்ட் போட்டோ

பெட்டிக்கு மரவேலை என் ஃப்ரெண்டு இம்ரான். மயிலாப்பூர்ல அவங்க வீட்ல மூணு தலைமுறையா ஃபர்னிச்சர் வேலை. அளவு கேட்டான். நான் ஆர்வக்கோளாறுல ஸ்க்ரீனோட நீளம், உயரம் ரெண்டையும் மில்லிமீட்டர் சுத்தமா எழுதி அனுப்பிட்டேன். ரெண்டு நாள்ல பிளைவுட் பெட்டி ரெடி. டிவியைத் தூக்கி உள்ள வச்சோம். மூஞ்சி அழகா உக்காந்துச்சு. பின்பக்கம் ஒன்றரை சாண் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. ட்யூப் டிவிக்குப் பின்னாடி ஒரு தொப்பை இருக்கும்ங்கறதை, ட்யூப் டிவியையே தேடி அலையற நான் மறந்துட்டேன்.

இம்ரான் பெட்டியை ஒரு சுத்து சுத்தி வந்தான். காதுல இருந்த பென்சிலை எடுத்துக் கீழ வச்சான்.

“இன்னா மச்சி, ஆளோட அளவு குடுன்னு கேட்டா பாஸ்போர்ட் போட்டோ குடுத்துகினு கீற.”

நாப்பது நிமிஷம்

பின்னாடி கூடு மாதிரி ஒண்ணு சேர்த்து அடிச்சு ஒரு வழியா தொப்பையை உள்ள அடக்கினான். ஜாய்ஸ்டிக் மாட்டியாச்சு, பட்டன் மாட்டியாச்சு, உள்ளங்கை அகல கம்ப்யூட்டர் ஒண்ணை டிவியோட இணைச்சாச்சு. முதல் ஆட்டம் இம்ரானுக்குத்தான். உக்காந்தவன் எழுந்திரிக்கவே இல்ல. நான் பக்கத்துல நின்னு ஆபீஸ் கால்ல மியூட்ல இருந்தேன்.

பழைய டிவி படத்தோட ஓரத்தை நாலு பக்கமும் கொஞ்சம் முழுங்கிடும். ஸ்கோர் வர்றது சரியா அந்த ஓரத்துல. எத்தனை உயிர் பாக்கி, எவ்வளவு பாயிண்ட், ஒண்ணும் தெரியல. அப்புறம் செட்டிங்ஸ்ல படத்தைச் சுருக்கி சரி பண்ணேன், அது வேற விஷயம். அன்னிக்கு நாப்பது நிமிஷம் கழிச்சு அவன் மணிக்கட்டைத் தடவிக்கிட்டே எழுந்தான்.

“ஜெயிச்சனா தோத்தனான்னே தெர்ல. ஆனா கை வலிக்குது.”

அண்ணாச்சி போட்ட கண்டிஷன்

அண்ணாச்சி கடைக்கு எங்க பக்கத்து வீட்டு அக்கா மூலமா போனேன். அம்மாக்கள் துணி எடுக்கற வரைக்கும் பசங்க கத்தாம இருக்கணும், அதுக்கு ஒரு பெட்டி வேணும்னார். வீட்டைத் தாண்டி ஒருத்தர் என் பெட்டியைக் கேட்டது அதான் முதல் தடவை. ட்ரையல் ரூம் பக்கத்துல ஒரு மூலையைக் காட்டினார். வெள்ளிக்கிழமை முதல் கஸ்டமர் மாடி ஏறும்போது ஓடிக்கிட்டு இருக்கணும், இல்லன்னா அந்த மூலைக்கு கவுன் மாட்டுற பொம்மைங்க வந்துடும், பெட்டி என் வீட்டுக்குத் திரும்பிடும்.

வீட்ல வந்து சந்தோஷமா சொன்னேன். ஹால்ல ஏற்கனவே மூணு டிவி அடுக்கி வச்சிருக்கேன். அம்மா வெங்காயம் நறுக்கறதை நிறுத்தவே இல்ல.

“அது மட்டும் திரும்பி வந்துச்சு, நீ அதுக்குள்ளதான் படுக்கணும்.”

மயில்கழுத்து

வியாழக்கிழமை சாயங்காலம் பெட்டியைக் கடைல இறக்கினோம். பின்பக்கம் இன்னும் திறந்துதான் இருக்கு. அந்த செக்‌ஷனுக்கு செல்வின்னு ஒரு பொண்ணு, மாசத்துக்கு ஒரு மாடின்னு மாத்திக்கிட்டே இருக்காங்கன்னு புலம்பிக்கிட்டே கவுன் அடுக்கினா. கைல இருந்த ஒரு சாமானை என் பெட்டி மேல வச்சா. திடீர்னு ஸ்க்ரீன்ல ஒரு பக்கம் ஊதா, ஒரு பக்கம் பச்சை. ட்யூப் போச்சுன்னு எனக்கு வேர்த்துடுச்சு. பார்த்தா அது பில் போட்டதும் துணிலேர்ந்து டேக் கழட்டுற காந்தம். ட்யூப் டிவிக்கு காந்தம்தான் எமன்.

அதை எடுத்தும் கலர் போகல. டிவியை ஆஃப் பண்ணி, கொஞ்ச நேரம் விட்டு ஆன் பண்ணா, அதுவே கொஞ்சம் கொஞ்சமா சரி பண்ணிக்கும். நாலு தடவை பண்ணேன். ஆன் பண்றேன், ரிமோட்ல ஏ.வி. அமுக்கறேன். ஆன், ஏ.வி. கை பாட்டுக்கு செய்யுது, மூளைக்குத் தகவலே போகல. நாலு தடவை, ஒரு டெஸ்டர்.

செல்வி மட்டும் அந்த ஊதா, பச்சை போகுதேன்னு வருத்தப்பட்டா.

“இருந்துட்டுப் போவட்டும்ணே, மயில்கழுத்து. இந்த ஷேடு கீழ நல்லா போவுது.”

பத்திரம்

கலர் சரியானதும் மாமா சொன்னது ஞாபகம் வந்துச்சு. கவரோட, ரப்பர் பேண்டோட ரிமோட்டை பெட்டிக்கு உள்பக்கமா டேப் போட்டு ஒட்டினேன். யாரும் தொலைக்க முடியாது பாருங்க. இம்ரான் பின்பலகையை ஸ்குரு போட்டு மூடினான். பசங்க ஏறி சாய்ச்சுடக் கூடாதுன்னு செவுத்துல டிரில் போட்டு பெட்டியை அசையாம முடுக்கினான். நான் வாட்ச்மேன் கிட்ட, இந்த ஒரு பிளக்கை மட்டும் அணைக்காதீங்கன்னு கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமா பார்த்தார்.

“இங்க சாமி விளக்கே எரியாது தம்பி. மெயினை இறக்கிட்டுதான் ஷட்டரை இறக்குவோம்.”

கம்ப்யூட்டர் தானா ஆன் ஆகும், கவலை இல்லன்னு நினைச்சு விசிலடிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போனேன். கரண்ட் போய் வந்தா டிவி முதல் சேனல்லதான் முழிக்கும்ங்கறதை நினைக்கவே இல்ல.

கொக்கிக் கம்பு

அப்படித்தான் வெள்ளிக்கிழமை காலைல ஸ்க்ரீன்ல மழை. ரெண்டு பேர் ஆளுக்கு ஒரு பொம்மையை இடுக்கிக்கிட்டு மூலைக்குப் பக்கத்துலயே நிக்கறாங்க. இம்ரான் போன் எடுக்கல. செவுத்துலேர்ந்து கழட்டணும்னா ஒரு மணி நேரம். கீழ ஷட்டர் ஏறுற சத்தம் கேட்டுடுச்சு. “உள்ளதான்ணே இருக்கு, ரிமோட்டு”ன்னு அண்ணாச்சி கிட்ட சொன்னப்ப என் குரலே எனக்குப் பிடிக்கல.

செல்வி குனிஞ்சு பெட்டிக்கு முன்னாடி பார்த்தா. காசு போடற தகடு வைக்கறதுக்காக கை நுழையற அளவு ஒரு ஓட்டை விட்டிருந்தேன், தகடு இன்னும் கிடைக்கல. அவ போய், உசரத்துல தொங்கற கவுனை இறக்கற கொக்கிக் கம்பை எடுத்துட்டு வந்தா. நான் போன் டார்ச்சை ஓட்டைல அடிச்சேன். கம்பு உள்ள போச்சு. ரெண்டு தடவை வழுக்குச்சு. மூணாவது தடவை கொக்கி மாமாவோட ரப்பர் பேண்ட்ல மாட்டுச்சு. சர்ருனு டேப் கிழிஞ்சுது. மீன் மாதிரி ரிமோட் வெளிய வந்துச்சு. ரிமோட் சிக்னலை வாங்கற டிவி சென்சார் பலகைக்குப் பின்னாடி இருக்கறதால, செல்வி கையை ஓட்டைக்குள்ள விட்டு, ரிமோட்டை மேல காட்டி அமுக்கினா. மழை நின்னுச்சு. கேம் வந்துச்சு. படில முதல் குடும்பம் ஏறிக்கிட்டு இருக்கு.

அண்ணாச்சி திரும்பிக்கூடப் பார்க்கல. “பொம்மைய மேல கொண்டுட்டுப் போங்கடே.”

ஞாயித்துக்கிழமை

டிரில்லோட போனேன். சென்சாருக்கு நேரா ஒரு ஓட்டை போட்டா யார் வேணா வெளிலேர்ந்தே அமுக்கலாம், பத்து நிமிஷ வேலை. ரிமோட் சேலைப்பெட்டி கட்டற நூல்ல, கொக்கிக் கம்புலயே தொங்கிக்கிட்டு இருந்துச்சு. காலைல சூடம் காட்டினதும் செல்வி கையை உள்ள விட்டு அமுக்கறா, அப்புறம்தான் செக்‌ஷன் திறக்குதாம். நான் டிரில்லை வெளிய எடுத்ததும் அவ ஓடி வந்தா. சுத்திப் பார்த்துட்டு மெதுவா சொன்னா:

“வேணாம்ணே, அப்டியே வுட்டுடு. இதை எழுப்ப எனக்குத்தான் தெரியும்னு இந்த மாசம் என்னை மாடி மாத்த மாட்டாங்களாம்.”

டிரில்லைப் பைல வச்சுட்டு வந்துட்டேன். ஆபீஸ்ல நான் சம்பளம் வாங்கறது தப்பைக் கண்டுபிடிக்கறதுக்கு, கடைல நல்ல பேர் வாங்கினது ஒரு தப்பை அப்படியே விட்டதுக்கு.