கோட்டின் தடிமன்

சோரியாங்குப்பத்திலிருந்து தங்கச்சி போன் செய்தாள்.

"அண்ணா, உள்ள கொழம்பு கொதிச்சிக்கினு கீது, வெளிய அடுப்படிச் செவுத்துல செவப்புப் பெயிண்டு அடிக்கிறானுங்க. வாய்க்கா வெட்டணுமாம், செவுத்த இடிக்கணுமாம். கேட்டா மேப்புல கீதுன்றாங்க. நீதான மேப்பு போடுறவன், இன்னான்னு வந்து கேளு."

கிருமாம்பாக்கத்தில் வீட்டு பிளான் வரைந்து பிழைக்கிறவன் நான். கடையைச் சாத்திவிட்டு நேரே வாய்க்கால் வேலையைப் பார்க்கிற அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி மேப்பை விரித்தார். முழு ஊரும் ஒரே தாளில், ஒன்றுக்கு ஐயாயிரம் என்ற ஸ்கேலில். தெருக்கள் நூலாக, வீடுகள் எள்ளாக. அதன் குறுக்கே, வாய்க்கால் என்று, ஸ்கெட்ச் பேனாவால் கொழுத்த நீலக்கோடு. கோட்டின் ஓரத்தில் அடிக்கோலை வைத்து அளந்துதான் சுவரில் குறி போட்டிருக்கிறார்கள்!

"வாய்க்கா எவ்ளோ அகலம் சார்?"

"ரெண்டு மீட்டர்."

"உங்க கோடு ஒரு மில்லிமீட்டர் தடிமன். இந்த ஸ்கேல்ல, தரையில அது அஞ்சு மீட்டர். மிச்ச மூணு மீட்டர் இன்னா சார், மையா?"

"பேனா அப்படிப்பா. அதுக்கு நான் இன்னா பண்றது?"

பேனா அப்படியாம். ஒரு பெண் உலை வைக்கிற இடம் இவர் பேனாவின் மூக்குக்குள் போய்விட்டது, பேனா அப்படியாம்! தண்ணீர் எந்தத் தெரு வழியாகப் போகும் என்று பார்க்க ஐயாயிரம் போதும், அதில் குறையே இல்லை. சுவர் நிற்குமா விழுமா என்று கேட்டால் அந்தத் தாளுக்குப் பதில் தெரியாது. எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்த பிறகுதான் ஸ்கேலைத் தேர்ந்தெடுப்பது. என்னிடம் பிளான் பழக வருகிற பிள்ளைகளே முதல் வாரத்தில் கற்றுக்கொள்வது இது.

எல்லைக் கல்லிலிருந்து வாய்க்காலின் நடுக்கோடு எட்டு மீட்டர் என்று அவர்கள் கோப்பிலேயே இருந்தது. அதைக் குறித்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போனேன். கல்லருகே அவள் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"இழுத்துப் புடிடி."

"இழுத்தா பிஞ்சிடும்ணா. என் கல்யாணத்துக்குப் பந்தல் அளந்த டேப்பு இது."

சுவர் சரியாகப் பத்து மீட்டரில். நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மீட்டர், வாய்க்கால் ஒன்பதில் முடிகிறது. மைதான் பத்தரை வரை வழிந்து, சுவரைத் தாண்டி அடுப்பைத் தொட்டிருக்கிறது. ஒன்றுக்கு நூறில் வரைந்தேன், முனை சீவிய பென்சிலால். வாய்க்காலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் வெள்ளைத்தாள் பளிச்சென்று கிடந்தது.

மறுபடி அலுவலகம் போய்க் காட்டினேன். அதிகாரி அந்த வெள்ளையில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். "சரி, குறிய அழிச்சிடுங்க."

நாங்களே அழிக்க வேண்டுமாம்.

மண்ணெண்ணெய்த் துணியால் தங்கச்சி சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து நின்றாள். அவள் சுவரிலும் அதே சிவப்பு. அதற்கடுத்த இரண்டு வீட்டிலும்.

"எங்களுக்குப் படம் போட அண்ணன் இல்லியேப்பா," என்றாள்.

டேப்பின் நுனியை அவள் கையில் கொடுத்தேன். எல்லைக் கல்லை நோக்கி நடந்தாள்.