ஆள் மாறிய பூனைக்காலி

இன்று கோவில்பட்டி நாட்டு மருந்துக் கடைக்குக் கணவரோடு போனேன். அவருக்கு ஆண் ஹார்மோன் குறைவு என்று போன வாரம் டாக்டர் சொல்லியிருந்தார். பூனைக்காலி விதை நல்லது என்று கழுகுமலையில் யாரோ சொன்னார்களாம்.

"அண்ணாச்சி, பூனைக்காலி இருக்கா?" என்று கணவர் கேட்டார்.

"யாருக்கு?"

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவளுக்குத்தான்" என்று என்னைக் காட்டினார்.

"அது ஆம்பளையளுக்கு உள்ளதுல்லா. இவியளுக்குத் தண்ணீர்விட்டான் கிழங்கு தாரேன்."

கணவர் மறுக்கவில்லை. பாலில் காய்ச்சணுமா என்றுகூடக் கேட்டுக்கொண்டார்.

அந்தப் பாலைக் குடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். லேசாகக் கசக்கிறது.

இப்போது வந்து தம்ளரை எட்டிப் பார்க்கிறார். "ஏட்டி, மிச்சம் வைக்காம குடி. அப்பத்தான் மருந்து கேக்கும்."

யாருக்குக் கேட்கும் என்று நீங்களாவது சொல்லுங்கள்.