அப்பா முன்னால் நிற்கப் போனவர்

கோபிசெட்டிபாளையம் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் அமர்ந்திருந்தார் அந்தத் திருநங்கை. உயரமானவர். முந்தானையை அடிக்கடி தோளில் சரிசெய்துகொண்டே வந்தார்.

“அப்பா தவறிட்டாருங்க” என்றார். “ஊட்டுக்குப் போறப்பெல்லாம் பேண்ட்டு சட்டதான் போட்டுட்டுப் போவேன். அவருக்கு எதுவுமே தெரியாதுங்க. கடைசியா ஒருக்காவாச்சும் நான் நானா அவரு முன்னால நிக்கோணும்.”

“பயமா இல்லீங்களா?”

“பயமாத்தானுங்க இருக்குது அம்மணி.”

அவர் கையைப் பற்றிக்கொண்டேன்.

அவர் இறங்கிய நிறுத்தத்தில் அவருடைய தம்பி காத்திருந்தார். சேலையைப் பார்த்ததும் திகைத்து நின்றார். பிறகு, “வாங்க, எல்லாரும் காத்துட்டிருக்காங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு விடுவிடுவென்று முன்னே நடந்தார்.

இவர் தலை குனியாமல் பின்னால் போனார்.

பஸ் நகர்ந்தபோது திரும்பிப் பார்த்தேன். தம்பி பாதி வழியில் நின்று, அவர் வந்து சேர்ந்ததும் கூடவே நடந்தார். அந்த வீட்டு வாசலில் என்ன நடந்ததோ என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.