கொல்லத்துக்கு எத்தனையோ பேர்

கொல்லத்துக்கு எத்தனையோ பேர். வெள்ளைக்காரனுக்கு அது குயிலான். பழைய அரபு வியாபாரிகள் கௌலம் என்றார்களாம். யார் எப்படிக் கூப்பிட்டாலும் அந்த ஊர் கோபித்துக்கொண்டதில்லை. என் வீட்டுக்காரருக்கு இருந்ததோ ஒரே பேர். அதையும் நான் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் ஆயுசு குறையுமாம். இந்த விஷயத்தில் என் மாமியார் ரொம்பக் கறார். கோயிலில் அர்ச்சனைக்குக்கூட அத்தைதான் அவர் பேரைச் சொல்லுவார்.

ஐம்பதுகளின் கடைசி. கல்யாணமான மறுவருஷம் அவர் கொல்லத்துக் காயலில் முந்திரி ஏற்றும் படகில் வேலைக்குப் போயிருந்தார். சாரல் தொடங்கியதும் நானும் அத்தையும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். வழியில் ஒரு லாட்ஜ் வாசலில் இங்கிலீஷ் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பட்டணத்துக்காரர் பக்கத்து ஆளிடம் சொன்னார்: "குயிலான்ல முந்திரிப் படகு கவிழ்ந்துடுச்சாம். நாலஞ்சு பேர் போய்ட்டாங்களாம்."

எட்டாவது வரை படித்தவள், குயிலான் எது என்று எனக்குத் தெரியும். அத்தைக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம் என்று நினைத்தேன்.

"தல வலிக்கி அத்தே, போயிருவோம்."

ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தென்காசியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் ஸ்டேஷனைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார். மகனை ரயிலேற்றிவிட்டவர் அல்லவா, டிக்கெட் கொடுத்தவர் சொன்ன குயிலான் என்ற பேரை மறக்கவில்லை போலும். அதன்பிறகு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

கொல்லத்து ரயில் வந்து நின்றது. மூட்டையும் முடிச்சுமாக இறங்கியவர்களிடமெல்லாம், "எங்க வீட்டுக்காரரப் பாத்தியளா? முந்திரிப் படகுல வேலை பாக்காவ," என்று கேட்டேன்.

"பேரச் சொல்லு தாயி. பேரு தெரியாம நான் என்னத்தச் சொல்ல?"

அத்தையைப் பார்த்தேன். பேரைச் சொல்ல வேண்டியவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கார்டு விசில் ஊதிவிட்டார். ரயில் நகர்ந்தது.

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. அவர் ஆயுசைக் கொண்டுவந்து என் நாக்கில் கட்டியவர்கள் யார்? ரயிலோடு ஓடிக்கொண்டே அவர் பேரைச் சொல்லிக் கத்தினேன். பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது.

கடைசிப் பெட்டி ஜன்னலில் ஒருவர் தலையை நீட்டினார். "அவனா? அன்னைக்கு அவன் படகு ஏறலம்மா! காச்சல்னு கரையில படுத்துட்டான். நல்லா இருக்கான்!"

ரயில் போய்விட்டது. அத்தை வந்து என் கையை இறுகப் பிடித்தார். எல்லோர் முன்னாலும் திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏட்டி," என்றார். "இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன்.