என் பெருமைக்குக் கோடு போட்ட வங்கிக்காரி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஜேர்மனியில் இன்று மூன்று மரக்கறிக் கடைகளுக்கு முதலாளி. குளிர்க்களஞ்சியம் கட்டக் கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். வணிகக் கடன் பிரிவின் தலைவி நம் தமிழ்ப் பெண். குட்டை முடி, பெரிய கைக்கடிகாரம், ஒன்பது ஜேர்மன்காரரை மேய்க்கிறவர். கேட்டுக்கொண்டே தாளில் பென்சிலால் கோடு போடுவது அவர் பழக்கம்.

"சாமான் எடுக்கிறது நான், சம்பளம் குடுக்கிறது நான். நான் இல்லாட்டி ஒரு தக்காளிப்பழமும் அசையாது, பிள்ளை!" என்று அரை மணி நேரமாய் என் பெருமையையே அளந்தேன்.

அவர் கோடுகளை எண்ணினார். "இருபத்தாறுதரம் 'நான்' சொல்லிப்போட்டியள், அண்ணை. நாளைக்கு நீங்கள் ஆஸ்பத்திரியில படுத்தால் ஆர் கடை திறக்கிறது? ஒராளை மட்டும் நம்பிக் கடன் தர ஏலாது. நான் மூண்டு கிழமை லீவில போனாலும் என்ர ஆக்கள் வேலையைப் பாப்பினம். உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"மனுசி இருக்கிறா. அவவுக்கு என்ன தெரியும்?"

"அதை அவவிட்டயே கேப்பம். கூட்டிக்கொண்டு வாங்கோ."

அடுத்த கிழமை கூட்டிப்போனேன். என்னை வெளியே இருத்திவிட்டு இருவரும் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். கடன் கிடைத்தது, மனைவியின் கையெழுத்தும் வேண்டும் என்ற நிபந்தனையோடு. உள்ளே என்ன பேசினார்கள் என்று அவள் இன்றுவரை சொல்லவில்லை. கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது சிரிப்புச் சத்தம் மட்டும்தான்.